மலைக்குள் ஓடிய சூரியகாந்தி

ஜூலை 6, 2003, ஞாயிறு

ஒளிப்பட மன்றத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. சாரல் காலக் கண்காட்சி, ஆகஸ்ட் பத்தாம் தேதி, இங்கே தென்காசியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு படம். போன வருஷம் என் படத்தின் முதுகில் பென்சிலால் ‘கை ஆடியிருக்கிறது’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்களே, அதே மன்றம்தான்.

கை ஆடவில்லை. நான் ஆட்டினேன். இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வது? பனைகளை நேராக நின்று எடுத்தால் பனைகள்தான் கிடைக்கும். ஷட்டரை அரை நொடி திறந்து வைத்து, அந்த அரை நொடிக்குள் கேமராவை மேலிருந்து கீழாகச் சீராக இழுத்தால் மரமும் வானமும் நூல் நூலாக இறங்கும். தனித்தனிப் பனைகள் மறைந்து பனங்காடு மட்டும் மிஞ்சும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வருவாய் ஆய்வாளராக ஊர் ஊராக அலைந்த காலத்தில், படங்களைக் கெடுத்துக் கெடுத்து நானே கண்டுகொண்டது.

இந்த வருஷம் என் படம் அந்தச் சுவரில் தொங்க வேண்டும். என் முறையில் எடுத்த படம். அவர்களுக்காக நேராக நிற்க வைத்து எடுத்த படம் அல்ல.

மனைவி கோமதி கேட்டாள்: “அதே படத்தையே திரும்பக் குடுத்தா என்ன? குழுவுல ஆளு மாறியிருக்கும்லா.”

“வேற படம் எடுப்பேன். அதை அவங்களால திருப்பி அனுப்ப முடியாது.”

“எடுங்க. குடையை மறந்து வயல்ல போட்டுட்டு வராம எடுங்க.”

ஜூலை 9, புதன்

காலை முதல் பஸ்ஸில் சுந்தரபாண்டியபுரம். சூரியகாந்தி பூத்துவிட்டது.

எத்தனை வருஷம் பார்த்தாலும் வயலின் விளிம்பில் போய் நின்றதும் கேமராவைப் பையிலிருந்து எடுக்க மறந்துவிடுகிறேன். அத்தனை பூவும் கிழக்கே பார்த்து நிற்கிறது. நானும் கிழக்குப் பக்கம் போய் அவற்றின் முகத்துக்கு எதிரே நிற்கிறேன். அவற்றுக்குப் பின்னால் மேற்கே மலை. மலைமேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. மேகத்திலிருந்து புறப்பட்ட காற்று வயலைத் தடவிக்கொண்டு வந்து என் சட்டைக்குள் புகுகிறது. வேனில் வந்து இறங்கியவர்கள் பூவுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துச் சிரித்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

காற்றில் பூ நிற்காது என்று குறை சொல்கிறவர்கள் பூவைப் பார்க்காதவர்கள். சூரியகாந்தியின் நடுத்தட்டு கனமானது, மெல்ல ஆடும். இதழ்கள் லேசானவை, துடிக்கும். ஷட்டரை ஒரு நொடி திறந்து வைத்தால் நடுவில் கறுத்த கண் அப்படியே இருக்க, சுற்றிலும் இதழ்கள் தீயாக எரியும். இன்று அப்படிச் சில எடுத்தேன். லென்ஸுக்கு ஒட்டி ஒரு கொத்துக் கொத்தமல்லிப் பூவைப் பிடித்து, அதன் வழியாக வயலைப் பார்த்தும் எடுத்தேன். கிட்டத்தில் இருக்கும் கொத்தமல்லி வெள்ளைப் புகையாகக் கரைந்து மஞ்சளின்மேல் படரும். ஸ்டுடியோவில் செய்கிற ஜாலம் எதுவும் வேண்டாம். கேமராவும் காற்றும் போதும்.

ஜூலை 10, வியாழன்

நாள் முழுக்க மழை. கோமதிக்கு வெங்காயம் உரித்தேன்.

ஜூலை 12, சனி

சீசன் வந்தால் தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு விருந்தாளி வராமல் இருக்காது. இந்த வருஷம் சம்பந்தி சங்கரசுப்பு. மகள் உலகம்மாளின் மாமனார், பாளையங்கோட்டைக்காரர், இயற்பியல் படித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவி காலமான பிறகு முதல் தடவையாக வந்திருக்கிறார். ஆடி அமாவாசை வரை, அதற்கு மேலும் சில நாள், தங்கி அருவியில் குளிப்பாராம். கையில் எண்ணெய்ப் பாட்டில், துண்டு, கேமராப் பை, மூன்று கால் ஸ்டாண்டு.

அவரும் அந்த மன்றத்தின் உறுப்பினர். அதைவிட மோசம், தேர்வுக் குழுவில் இருக்கிறார்.

சம்பந்தி என்பதால் வாசலில் போய்ப் பையை வாங்கினேன். ஸ்டாண்டை அவரே தூக்கி வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஃபிலிம் டப்பாக்களைக் குளிர்பெட்டியின் கதவில் வைக்கலாமா என்று கோமதியிடம் கேட்டார். “வைங்க அண்ணாச்சி. இவுக டப்பாவும் அங்கனதான் கெடக்கு. மாவுப் பாத்திரத்தை மட்டும் நகட்டிராதிய” என்றாள்.

ஜூலை 14, திங்கள்

அவரையும் வயலுக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று. ஸ்டாண்டை விரித்து, குமிழிமட்டம் வைத்து மட்டம் பார்த்து, கை படாமல் ஷட்டரை அழுத்த வயர் மாட்டி, பூ அசையாமல் நிற்பதற்காகக் காத்திருந்தார். நான் ஒரு ரோலை முடித்துவிட்டு வந்தபோதும் காத்திருந்தார்.

“ஆடி பொறக்கப் போவுது சம்மந்தி. இந்த ஊர்ல இப்பப் போயி காத்து நிக்கணும்னு நிக்கிய. வைகாசியிலயே ஒரு மனு போட்டிருக்கலாம்.”

“போட்டிருப்பேன். நீங்க ரெவின்யூ ஆளுங்க மனுவ வாங்கி வச்சுக்கிடுவிய, நடவடிக்கை எடுக்க மாட்டியளே.”

வரப்பில் நின்ற வயல்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் தோசை சாப்பிடும்போது கேட்டேன். “போன வருஷம் என் படத்துக்குப் பின்னால எழுதினது யாரு?”

“நான்தான்.”

கோமதி சட்னிக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

“கை ஆடியிருந்துச்சு, எழுதினேன்” என்றார். தோசையைப் பிய்ப்பதை அவர் நிறுத்தவில்லை. “நீங்க ஆட்டுனது தெரியுது அத்தான். அதை நான் சொல்லலை. கீழ வரைக்கும் நேரா இழுத்திருக்கிய. கடைசியில, நிறுத்துத எடத்துல, நூல் எல்லாம் சின்னச் சின்னதா நெளியுது. அது நீங்க ஆட்டுனது இல்ல.”

நான் எழுந்து கை கழுவினேன். சம்பந்தியாக இல்லாவிட்டால் நடந்திருப்பது வேறு.

ஜூலை 15, செவ்வாய்

புதுச் சட்டையில் தையல்காரர் பொத்தான் துளைகளைச் சின்னதாக வெட்டியிருக்கிறார். கோமதிதான் போட்டுவிட்டாள். கூட்டுறவு வங்கியில் கையெழுத்து பழையதோடு பொருந்தவில்லை என்று இன்னொரு தாள் கொடுத்தார்கள். அந்த மேசைப் பேனா சரியில்லை.

மாலையில் பழைய பனைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி முதல் தேதி

கண்காட்சிக்கு என்ன எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இரட்டைப் பதிவு. ஒரே ஃபிலிமில் முதலில் பூ, அதன்மேல் மலை.

இதற்கு என் முறை இதுதான். முழு ரோலையும் பூவாக எடுத்துவிடுவேன். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து எடுக்க வேண்டும், இன்னொரு பாதியை மலை கொண்டுவரும். பிறகு ரோலைத் திரும்பச் சுற்றும்போது காதை வைத்துக் கேட்பேன். ஃபிலிம் கேமராவின் பல்லிலிருந்து விடுபடுகிற ‘டிக்’ சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டால், நாக்கு மாதிரியான முனை வெளியே நிற்கும். அதனால் அதை மறுபடி கேமராவில் மாட்டி முதலிலிருந்து எடுக்கலாம். ஒரே ஆபத்து, நாக்கு வெளியே நிற்கும் ரோலைப் பார்ப்பவருக்கு அது புதுசு மாதிரியே தெரியும். ஆகவே பாதி முடிந்த டப்பாவின் மூடியில் கோமதியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவைப்பது வழக்கம்.

இன்று காலை பூக்கள் எடுத்த விதத்தை எழுதிவைக்கிறேன். கேமராவை வயலுக்குக் குறுக்கே, இடமிருந்து வலமாக, காற்று போகிற வேகத்திலேயே கொண்டுபோனேன். காற்று அலையாக வரும்போது பூக்கள் ஒரு பக்கம் சாய்கின்றன. அந்த அலையோடு நானும் சாய்ந்தேன். ஒரு நொடிக்கு நானும் அந்த வரிசையில் ஒரு பூ. மஞ்சள் தண்ணீராக ஓடியிருக்கும் என்று ஃபிலிமைக் கழுவாமலே சொல்லுவேன்.

வீட்டுக்கு வந்து பொட்டு ஒட்டப் போனால், அட்டையிலிருந்து உரியவே இல்லை. இந்தக் காலத்துப் பசை அப்படி. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு டப்பாவை அப்படியே குளிர்பெட்டிக் கதவில் வைத்தேன். எது என் டப்பா என்று எனக்குத் தெரியாதா?

ஜூலை 19, சனி

சம்பந்தி மாலை முழுவதும் குளக்கரையில் ஸ்டாண்டோடு உட்கார்ந்திருந்து மலையை எடுத்ததாகச் சொன்னார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது மலை முழுக்கக் கறுத்து, விளிம்பு மட்டும் கோடாகத் தெரியுமாம். இதைக் கண்டுபிடிக்க இயற்பியல் எதற்கு.

ஜூலை 20, ஞாயிறு

டப்பாவை எடுத்து, ரோலை மாட்டி, நானும் மாலையில் மலை எடுத்தேன். பூவின்மேல் விழும் மலை அசையக் கூடாது. மூச்சைப் பிடித்து, முழங்கையை விலாவில் ஒட்டி, பனையில் சாய்ந்து நின்று எடுத்தேன். ஸ்டாண்டு இரவல் தரவா என்று சம்பந்தி கேட்டார். என் கால்கள் எனக்குப் போதும் என்றேன்.

ஜூலை 23, புதன்

இரண்டு பேர் ரோலையும் அருளப்பன் ஸ்டுடியோவில் கொடுத்தோம்.

ஜூலை 25, வெள்ளி

அருளப்பன் தயங்கித் தயங்கிக் கவரை நீட்டினார். “தலைமையாசிரியர் சார் ரோல்ல ஏதோ கோளாறு சார். ரெண்டு படம் ஒண்ணா விழுந்துகெடக்கு. நான் கழுவுனதுல தப்பு இல்ல.”

என் கவரை முதலில் பிரித்தேன். மலை. வெறும் மலை. பூவே இல்லை. அதோடு, எல்லாப் படத்திலும் மலையின் விளிம்பு ஒரு கோடாக இல்லை. இரண்டு மூன்று கோடுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. அன்று காற்று பலம்.

சம்பந்தி கவரில் என் பூக்கள் இருந்தன. அவர் மலைக்குள்.

நடந்தது இதுதான். பொட்டு இல்லாத என் பூ ரோலைப் புதுசு என்று நினைத்து அவர் எடுத்து மாட்டியிருக்கிறார். நான் அவருடைய புது ரோலை என் பூ ரோல் என்று நினைத்து எடுத்து மாட்டியிருக்கிறேன். ஊரில் கிடைப்பது ஒரே கம்பெனி ஃபிலிம், ஒரே கறுப்பு டப்பா.

தெருவிலேயே சொன்னேன். “ஒருத்தன் ஃபிலிம எடுக்கதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேக்கணும்லா.”

“டப்பாவுல அடையாளம் போட்டிருந்தா கேட்டிருப்பேன்.”

“பொட்டு ஒட்டியிருந்தேன். ஈரத்துல விழுந்திருக்கும்.”

வீட்டில் கோமதி குளிர்பெட்டியை முழுக்கத் துடைத்துத் தேடினாள். பிறகு பொட்டு அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஓரமெல்லாம் நகத்தால் கீறிய அடையாளம், எல்லாப் பொட்டும் அப்படியே இருந்தன. “என்ட்ட ஒரு சத்தம் குடுத்திருந்தா உரிச்சுத் தந்திருப்பேன்லா” என்றாள், மெதுவாக, அடுத்த அறையில் இருந்தவருக்குக் கேட்காதபடி.

என் மலைப் படங்களைச் சம்பந்தி வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாக, வெகுநேரம். வழக்கமாக ஏதாவது சொல்லுவார். இன்று ஒன்றும் சொல்லாமல் கவரில் அடுக்கி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

ஜூலை 26, சனி

அந்த ரோலில் பெரும்பாலான படங்கள் வீண். அவர் கேமராவும் என் கேமராவும் ஃபிலிமை ஒரே அளவில் நகர்த்துவதில்லை. அவர் படச்சட்டமும் என் படச்சட்டமும் விலகி, படத்தின் நடுவே ஒரு பட்டை விழுந்திருக்கிறது. ரோலின் மத்தியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் படத்தைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துக் காலையிலிருந்து பார்க்கிறேன்.

வெளிச்சமான இடத்தில் இன்னொரு படம் விழுந்தால் தெரியாது, கறுப்பான இடத்தில் விழுந்தால்தான் தெரியும். ஆகவே வெள்ளை வானத்தில் என் பூக்கள் இல்லை. மலை கறுத்திருந்த இடமெல்லாம் அவை இருக்கின்றன. மலைக்குள் ஒரு மஞ்சள் ஆறு ஓடுகிறது. அடிவாரத்தில் அகலமாக, மேலே போகப் போக ஒடுங்கி, ஒவ்வொரு சரிவாக ஏறி, சிகரத்தின் விளிம்பு வரை வந்து, அந்த ஒற்றைக் கோட்டில் நிற்கிறது. ஒரு துளி வெளியே சிந்தவில்லை.

அந்தக் கோடு. அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்த மலையை ஐம்பது வருஷமாகத் தினமும் பார்க்கிறேன், அதன் விளிம்பில் அத்தனை மேடுபள்ளம் இருப்பது இன்றுதான் தெரிகிறது. ஒரு பாறை, ஒரு ஒற்றை மரம், எல்லாம் வெட்டி எடுத்தாற்போல் நிற்கிறது. அந்த மனிதர் ஒரு மாலை முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு மலைக்கு மரியாதை செய்திருக்கிறார். மலை அசையாததால்தான் பூ ஓடுவது தெரிகிறது. பூ ஓடுவதால்தான் மலை நிற்பது தெரிகிறது.

இவ்வளவு நல்ல படத்தை நான் எடுத்ததில்லை. இதையும் நான் எடுக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

சம்பந்தி சொன்னார்: “கண்காட்சிக்கு அதைக் குடுங்க. உங்க பேர்ல.”

“பாதிப் படத்த எனக்குக் குடுத்துட்டு மீதிய நீங்க வச்சுக்கிடுவியளோ?”

“எனக்கு எதுக்கு? நான் மலைய மட்டும் எடுத்தேன். அதை யாரும் எடுப்பான்.”

“எடுக்க மாட்டான்” என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அவர் செய்தித்தாளை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சரி, ரெண்டு பேரையும் போட்டுக் குடுப்போம்.”

“ஒருத்தருக்கு ஒரு படம், ஒரு படத்துக்கு ஒரு பேருன்னு உங்க மன்றத்து விதி. நீங்களே எழுதினது.”

“ஆமா, நான்தான் எழுதினேன்” என்றார் வருத்தத்தோடு.

நெகடிவ் அவரிடமே இருக்கட்டும் என்றேன். வழி தெரிந்துவிட்டது, நானே இரண்டையும் எடுப்பேன். பூவும் என்னுடையது, மலையும் என்னுடையது.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் பூ. மாலையில் மலை. கேமராவைக் குளக்கரைக் கல்லின்மேல் வைத்து அழுத்திப் பிடித்து எடுத்தேன். பொட்டைக் கோமதி ஒட்டித் தந்தாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

படங்கள் வந்தன. பூக்கள் ஓடுகின்றன, முன்னைவிட நன்றாக. ஆனால் மலை என்கிற கரை உடைந்துவிட்டது. விளிம்பு கோடாக இல்லாததால் மஞ்சள் வானத்துக்குள் கசிந்து, எல்லாம் கலங்கிக் கிடக்கிறது. கல்லும் அசைந்திருக்குமோ?

“ஸ்டாண்டு அன்னா மூலையில இருக்கு அத்தான்” என்றார் சம்பந்தி.

ஸ்டாண்டு வைத்தால் அது சங்கரசுப்புவின் படம். நான் போய் அதன் பக்கத்தில் நின்றேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 2, சனி

கோமதி சட்டையின் கைப்பொத்தானைப் போட்டுவிட்டுக் கையை விடாமல் வைத்திருந்தாள். “பாளையங்கோட்டையில ஒரு டாக்டர் இருக்காராம். அண்ணாச்சி சொன்னாக.”

“அவருக்கு என்ன உடம்புக்கு?”

“அவுகளுக்கு ஒண்ணும் இல்ல.”

சாரல் நின்றிருந்தது. துணியை மாடியில் காயப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

படம் கொடுக்கக் கடைசி நாள். கொடுக்கவில்லை. சம்பந்தி காலைப் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். பை, ஸ்டாண்டு, கோமதி கட்டிக்கொடுத்த முறுக்கு. பஸ் ஏறும்போது, “பத்தாம் தேதி வந்துருங்க, படம் இல்லாட்டியும்” என்றார். படம் இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை.

ஆகஸ்ட் 6, புதன்

வயலில் பூக்கள் தலை கவிழ்ந்துவிட்டன. விதை பிடித்துவிட்டது. கேமராவை எடுத்துப் போகாமல் சும்மா போய்ப் பார்த்தேன். முதுகுகளும் அழகுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோமதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டு நின்றாள். சம்பந்தி கூப்பிட்டிருக்கும்போது போகாமல் இருப்பது முறையில்லை என்றாள். போனோம்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். மணமேடைக்கு நேர் எதிர்ச் சுவரில், எல்லாவற்றுக்கும் நடுவில், பெரிய சட்டத்தில் அந்த மலை தொங்கியது. கீழே அட்டையில் என் பெயர். நல்லசிவன், தென்காசி. அதற்கு மேலும் எதுவுமில்லை, கீழும் எதுவுமில்லை.

அத்தனை பெரிதாக அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆறு நிஜமாகவே ஓடியது. ஒரு கைக்குழந்தை அதைத் தொடப் போக, அதன் அம்மா பிடித்து இழுத்தாள். யாரும் ஒரு பார்வையில் நகரவில்லை, நின்றார்கள். இதற்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன், மறைப்பானேன்.

கோமதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். அவள் வாயிலிருந்து என் படத்துக்கு இதுவரை வந்ததில் இதுதான் பெரிய வார்த்தை.

மன்றத்தின் செயலாளர், பொய்ப்பல் வைத்த பெரியவர், வந்து என் கையைப் பற்றினார். சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். “பூவ ஓட விட்டதக்கூட விடுங்க, அந்த விளிம்பப் பாருங்க. என்ன நிதானம். சாரோட கைய நான் போன வருஷம் தப்பா நெனச்சுட்டேன். இந்த வயசுல இப்படி ஒரு அசையாத கை யாருக்கு வாய்க்கும்?”

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். அது செயலாளரின் கைக்குள் இருந்தது. அவர் அதை இன்னும் விடவில்லை. அவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்ததையும் நான் பார்த்தேன்.

கையை உருவிக்கொண்டேன். “மலை நான் எடுத்தது இல்ல. பாளையங்கோட்டை சங்கரசுப்பு எடுத்தது. அட்டையில அவர் பேரையும் எழுதுங்க.”

“சார், அவருதான் உங்க பேர்ல கொண்டாந்து குடுத்தாரு.”

“அவரு குடுப்பாரு. நீங்க எழுதுங்க.”

“ஒரு படம் ஒரு பேருன்னு விதி இருக்குல்லா. இன்னைக்கி ஒருநாள் போகட்டும், அடுத்த வருஷம் விதிய மாத்துவோம்.”

“அப்போ அடுத்த வருஷம் மாட்டுங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். கோமதி “என்னங்க, விழுந்துராதிய” என்றபடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டத்தைக் கழற்றினேன். ஒருவர் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார். பார்த்தால் சம்பந்தி.

“உங்களுக்கு என்ன கிறுக்கா? அதுக்காகத்தான ஒரு வருசமா முறுக்கிக்கிட்டு நின்னிய?”

“மேல தூக்குங்க, ஆணியில மாட்டுது.”

“நான்தான் குடுத்தேன்னு சொல்லுதேன்லா. எனக்குப் பேரு வேண்டாம்.”

“உங்களுக்கு வேண்டாம். படத்துக்கு வேணும்.”

அவர் பிடித்திருந்த பக்கம் அசையாமல் இறங்கியது, என் பக்கம் சுவரில் இரண்டு தடவை இடித்தது. கூட்டம் வழிவிட்டது. செயலாளர் பின்னாலேயே வாசல் வரை வந்து, அங்கே நின்றுவிட்டார். நடுச்சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை என்று எழுதினால் பொய்.

வெளியே சாரல். மண்டபத்துக்கு எதிரே டீக்கடை. பெஞ்சின்மேல் படத்தைச் சாய்த்து வைத்து, கோமதி முந்தானையால் கண்ணாடியில் விழுந்த தூறலைத் துடைத்தாள். கண்காட்சியிலிருந்து வெளியே வருகிறவர்கள் டீ குடிக்க அங்கேதான் வரவேண்டும். வந்தார்கள். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். குற்றாலத்துக்கு வந்த வேன் ஒன்றிலிருந்து இறங்கிய ஆள், தலையில் துண்டோடு, “இது எங்க இருக்கு, வண்டி போகுமா?” என்று கேட்டார்.

“மலை அன்னா இருக்கு” என்று மேகத்தைக் காட்டினார் சம்பந்தி. “பூ சுந்தரபாண்டியபுரம். முடிஞ்சுபோச்சு.”

“எடுத்தது யாரு?”

“பூ இவுக. மலை நான்.” அவர் அதைச் சத்தமாகச் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். காதோரம் சிவந்திருந்தது.

“மலையத்தான் மொதல்ல சொல்லணும்” என்றேன்.

“பூவ எடுத்த பெறவுதான மலைய எடுத்தேன்? வரிசைப்படி பூதான் மொதல்ல.”

“ஃபிலிமுக்கு மொதல்ல என்ன, ரெண்டாவது என்ன? ரெண்டும் ஒண்ணாத்தான் கழுவுதாங்க.”

“இயற்பியல்படி தப்பு.”

“கண்ணுக்குச் சரி.”

கோமதி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, டீ சொல்லுங்க என்றாள். கடைக்காரர் கிளாஸை எடுத்து ஊற்றத் தொடங்கியபோது சம்பந்தி அவர் பக்கம் குனிந்து, “அவுகளுக்கு அரைக் கிளாஸ் போதும்” என்றார். என்னைக் கேட்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. டீ சிந்தாமல் வாய்வரை வந்தது. சூடாக, நன்றாக இருந்தது. குடித்து முடித்ததும் அவர் கிளாஸை என் கையிலிருந்து வாங்கி, இன்னொரு அரைக் கிளாஸ் ஊற்றச் சொன்னார்.